முழங்கால் ஜவ்வும் படம் சொல்லும் செய்தியும்

ஐம்பது வயதை எட்டிய ஒருவர் சம்மணமிட்டு உணவருந்தி எழுந்திருக்கையில், முழங்காலின் உட்புறத்தில் வலி தோன்றுகிறது. அவர் கீழே விழவில்லை, அடிபடவும் இல்லை. சில வாரங்கள் தைலம் தடவிப் பார்த்துப் பயனின்றி, எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக்கொள்கிறார். அறிக்கையில் ‘மெனிஸ்கஸ் கிழிசல்’ என்று காணப்படுகிறது. பிற மாநிலத்தில் வாழும் நமக்கு, அவ்வறிக்கையைத் தாய்மொழியில் விளக்கிச் சொல்வார் எளிதில் வாய்ப்பதில்லை. ‘கிழிசல்’ என்ற சொல்லைக் கேட்டதுமே, அறுவைச் சிகிச்சைதான் வழி என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அம்முடிவு சரிதானா என்பதை ஆராய்வோம்.

தொடை எலும்பும் அதன் கீழுள்ள எலும்பும் கூடும் இடத்தில், பிறை வடிவான இரு குருத்தெலும்புகள் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக அமைந்துள்ளன. இவற்றையே மருத்துவர் மெனிஸ்கஸ் என்பர். பேச்சு வழக்கில் ஜவ்வு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இவையும் அடங்கும். உருண்டையான தொடையெலும்பு முனை கீழெலும்பின்மீது நிலையாக அமர்வதற்கும், உடலின் பாரம் ஓரிடத்தில் குவியாது பரவுவதற்கும் இவை துணைபுரிகின்றன. வெளி ஓரத்திற்கு இரத்தம் பாய்கிறது. உள் ஓரத்திற்கு இரத்த ஓட்டம் இல்லையாதலால், அங்கு நேரும் பழுது எளிதில் ஆறுவதில்லை.

கிழிசல் இருவகைப்படும். பந்தாடும் இளைஞனின் முழங்கால் திடீரெனத் திருகிக்கொள்ளும்போது உண்டாவது ஒருவகை. நடுவயதுக்குப் பின், குருத்தெலும்பின் நார்கள் நாளடைவில் நலிந்து, அடியேதும் படாமலே மெல்லப் பிளவுபடுவது மற்றொரு வகை. இத்தேய்மானக் கிழிசல் பெரும்பாலும் உட்புறக் குருத்தெலும்பின் பின்பகுதியில் காணப்படும்.

இதனைப் படம் எவ்வாறு காட்டுகிறது? எக்ஸ்ரே படத்தில் குருத்தெலும்பு தெரியாது. எனினும் நின்ற நிலையில் எடுக்கும் எக்ஸ்ரே, எலும்புகளுக்கிடையிலுள்ள இடைவெளி குறைந்துள்ளதா என்பதைக் காட்டி, மூட்டுத் தேய்மானத்தை அறிவிக்கும். எம்.ஆர்.ஐ. கருவியோ வலிமைமிக்க காந்தத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு இயங்குவது. நலமான மெனிஸ்கஸ் அப்படத்தில் கறுப்பாகத் தோன்றும். நலிந்த இடம் அதனுள் வெளிர்நிறமாகத் தெரியும். அவ்வெளிர்க்கோடு மேற்பரப்பைத் தொட்டால் அது கிழிசல். தொடாமல் உள்ளேயே நின்றுவிட்டால் நலிவு மட்டுமே.

ஆனால் படத்தில் தெரியும் கிழிசலே வலிக்குக் காரணம் என்று கொள்ளலாமா? அமெரிக்காவிலுள்ள பிரேமிங்ஹாம் என்னும் ஊரில், 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்கால்களை இவ்வாறு படமெடுத்து ஆராய்ந்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். ஐம்பதுகளில் இருந்த பெண்களில் நூற்றுக்கு 19 பேருக்கும், எழுபதைக் கடந்த ஆண்களில் நூற்றுக்கு 56 பேருக்கும் மெனிஸ்கஸ் பழுது இருந்தது. கிழிசல் உடையவர்களில் நூற்றுக்கு 61 பேர், முந்திய மாதத்தில் வலியோ விறைப்போ அறியாதவர்கள்! நரைமுடியைப் போலவே இக்கிழிசலும் பலருக்கு வயதின் அடையாளமாக வந்து சேர்கிறது.

சிகிச்சையைப் பற்றிய ஆராய்ச்சிகளும் இதற்கேற்பவே அமைந்தன. பின்லாந்து நாட்டில் 146 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கிழிந்த பகுதியை நீக்கினர். மறு பிரிவினருக்கு அறுவைச் சிகிச்சை செய்வதுபோன்ற பாவனை மட்டுமே நிகழ்ந்தது. ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு நலம் பெற்றிருந்ததை 2013இல் அறிவித்தனர். நார்வேயில் 140 பேரிடம் நடந்து 2016இல் வெளிவந்த ஆராய்ச்சியில், பன்னிரண்டு வாரத் தேகப்பயிற்சி பெற்றவர்கள், அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஈராண்டுக்குப் பின்னும் பின்தங்கவில்லை. மெனிஸ்கஸை நீக்கிய முழங்காலில் தேய்மான மாறுதல்கள் தோன்றுவதை 1948இலேயே பேர்பாங்க் என்னும் ஆங்கில மருத்துவர் எடுத்துக்காட்டினார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆகவே, அடிபடாத நடுவயது முழங்கால் வலிக்கு முதலில் வேண்டுவது மருத்துவரின் நேரடிப் பரிசோதனை. தேவையாயின் நின்ற நிலை எக்ஸ்ரே. தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைப் பயிற்சியாளரிடம் கற்று மூன்று மாதங்கள் விடாது செய்தலும், மிகை எடையைக் குறைத்தலும், வலி மிகுந்த காலத்தில் சம்மணமிடுதலையும் குந்தியமர்தலையும் தவிர்த்தலும் பலருக்குப் பயன்தரும்.

எனினும் சில நிலைகளில் தாமதம் கூடாது. முழங்கால் நீட்டமுடியாதபடி பூட்டிக்கொண்டாலோ, அடிபட்டு வீங்கினாலோ, வீக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ, உடனே மருத்துவமனையை நாடவேண்டும். ஏனையோர் அறுவைச் சிகிச்சைக்கு இசையுமுன், ‘என் வலிக்கு இக்கிழிசல்தான் காரணமா? பயிற்சியால் குணமாக வழியுண்டா?’ என்ற இரு வினாக்களை மருத்துவரிடம் கேட்டுத் தெளிதல் நன்று. இவ்விரண்டையும் எம்மொழியிலும் கேட்கலாம்.