தரவு வீத அலகுகளும் வலையமைப்புத் திட்டமிடலும்

தொலைத்தொடர்பு வலையமைப்பைத் திட்டமிடுவோர் தரவு வீத அலகுகளை மாற்றுகையில் பெருக்கற் கணக்கு மட்டும் போதியதன்று. ஒவ்வோர் எண்ணும் எதனைக் குறிக்கின்றது என்பதும் தெளிவாதல் வேண்டும். இதனை ஐரோப்பிய இலக்கமுறைத் தொலைபேசி இணைப்பின் அடிப்படை வீதத்தைக் கொண்டு விளக்குவோம்.

தொலைபேசிக் குரலிலிருந்து செக்கனுக்கு 8,000 மாதிரிகள் எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 8 பிற்றுகளாகக் குறியிடப்படுகின்றது. எனவே ஒரு வழியின் வீதம் செக்கனுக்கு 64,000 பிற்று, அதாவது 64 கிலோபிற்று ஆகும். இத்தகைய 32 வழிகள் கொண்ட இணைப்பின் வீதம் 2,048 கிலோபிற்று. இங்கு கிலோ என்பது 1,000 ஆதலின், இது 2.048 மெகாபிற்றேயாகும், கணினி நினைவக வழக்கைப் பின்பற்றி 1,024 ஆல் வகுத்து 2 மெகாபிற்று எனக் கொள்ளுதல் பிழை.

அவ்வழிகளுள் ஒன்று ஒத்திசைவுக்கும் மற்றொன்று அழைப்புச் சைகைகளுக்கும் ஒதுக்கப்படுமிடத்து, உரையாடலுக்கு எஞ்சுவன 30 வழிகளே. அவற்றின் பயன் வீதம் 1.92 மெகாபிற்று. ஒரே வேளையில் 64 உரையாடல்கள் நிகழ வேண்டுமாயின், மொத்த வீதத்தை நோக்குவார்க்கு 2 இணைப்புகள் போதுமெனத் தோன்றும். உண்மையில் அவை 60 உரையாடல்களையே தாங்கும். மூன்றாவது இணைப்பு இன்றேல் 4 அழைப்புகள் வழியின்றி நிற்கும்.

கோப்புகளின் அளவோ பைற்றிற் கூறப்படுவது. 1 பைற்று 8 பிற்றுகளைக் கொண்டது. 96,000,000 பைற்று அளவுள்ள கோப்பு 1.92 மெகாபிற்று வீதத்திற் செல்ல 400 செக்கன் வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்தார்க்குக் கிடைக்கும் விடை 50 செக்கன்.

ஆதலின் எந்த மாற்றத்திற்கும் முன்னர் நாம் மூன்றினை வினவுதல் தகும்: பிற்றா, பைற்றா? பெருக்கி 1,000 ஆ, 1,024 ஆ? மொத்த வீதமா, பயன் வீதமா?