பேச்சும் பாடமும் – 9: தமிழ் வாழ்க, பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம்

எடமலைப்பட்டி புதூருக்குப் பக்கத்தில்தான் திருச்சி ஜங்ஷன். அந்த ரயில் நிலைய வாசலில்தான் 1964 ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னச்சாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தார். 1938 ஆகஸ்டில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் இந்தி எதிர்ப்புத் தமிழர் படையோடு சென்னைக்கு நடைபயணம் கிளம்பியதும் இதே திருச்சியிலிருந்துதான்.

அந்த ஊரில் ஒரு ஜூன் மாதக் காலையில் புதூர் ரோட்டோரம் நின்று பாருங்கள். மஞ்சள் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளுக்கு ஏற்றிக்கொண்டு போகும். பெற்றோரிடம் காரணம் கேட்டால், "நாமதான் இங்கிலீஷ் தெரியாம முழிச்சோம், பிள்ளையாவது பேசட்டுங்க" என்பார்கள். இதைப் போலித்தனம் என்று ஏச எனக்கு மனம் வரவில்லை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பும் பெல் ஆலையும் வேலை கொடுத்த தலைமுறைக்குக் கைத்திறன் சோறு போட்டது. இன்றைய பிள்ளை பெங்களூரில் ஆங்கிலத்தில் இன்டர்வியூவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

1968 ஜனவரி 23 அன்று அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழிக் கொள்கை, எந்த மொழிகளைப் படிப்பது என்பதைத்தான் முடிவு செய்தது. அறிவியலையும் கணக்கையும் எதில் படிப்பது என்பது பெற்றோர் கைக்குப் போய்விட்டது. ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழி வழிக் கல்வி என்ற 1999 அரசாணையை உயர் நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்தது. தாய்மொழி வழியை அரசு திணிக்க முடியாது என்று 2014-இல் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2006 சட்டத்தால் தமிழ் கட்டாயப் பாடமானது, அவ்வளவுதான். 2012-13 வாக்கில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. தமிழ் வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் 20 சதவீத ஒதுக்கீடு 2010-இலேயே சட்டமாகியும் வேன்கள் குறையவில்லை.

இனி வகுப்பறைக்குள் போவோம். ஒளிச்சேர்க்கையை ஆசிரியர் தமிழில் விளக்குவார், நோட்ஸை ஆங்கிலத்தில் எழுதிப் போடுவார். பிள்ளை புரிந்துகொள்வது தமிழில், மனப்பாடம் செய்வது ஆங்கிலத்தில். தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது. இரண்டு மொழியில்தான் பாடம் நடக்கிறது. ஆனால் திருட்டுத்தனமாக நடக்கிறது. அந்த ஆசிரியர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் தமிழில் சொல்லாவிட்டால் பாதி வகுப்புக்கு எதுவுமே விளங்காது.

ஒரே மொழிதான் என்ற பிடிவாதம் வேறு இடங்களிலும் நிற்கவில்லை. கலிபோர்னியா மக்கள் 1998-இல் வாக்குப் போட்டு, பள்ளிகளில் ஏறக்குறைய ஆங்கிலம் மட்டும் என்றார்கள். 2016-இல் அவர்களே வாக்குப் போட்டு அதை மாற்றினார்கள். ஆந்திரத்தில் ஆங்கில வழியைக் கட்டாயமாக்கிய அரசாணையை 2020-இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் ஒரு பக்கம் தெலுங்கு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று அச்சான பாடநூல்கள் அங்கே பிள்ளைகள் கைக்கு வந்தன. நம் ஆங்கில வழிப் பிரிவுகளுக்கும் அப்படிப்பட்ட நூல்தான் வேண்டும். விடையை எந்த மொழியில் எழுதினாலும் மதிப்பெண் என்ற விதியும் கூடவே வர வேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஃபீஸ், வேன், யூனிஃபார்ம் எல்லாம் பேசி முடித்தபின் இதையும் கேளுங்கள்: "இந்த அறிவியல் பாடத்தை என் பிள்ளை வீட்டில் தமிழில் விளக்கிச் சொல்லுமா, மிஸ்?"

(தொடரும்)