குளியலறைக்கு ஒரு சுவிட்சு, கழிப்பறைக்கு ஒரு சுவிட்சு

பால்மரம் வெட்டுவோர் வீட்டில் பொழுது சூரியனுக்கு முன்பே விடிந்துவிடுகிறது. பிரட்டுக்குச் செல்லும் பெற்றோரும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் பின்கட்டிலுள்ள குளியலறைக்கும் கழிப்பறைக்கும் மாறி மாறிச் செல்கின்றனர். தோட்ட வீடுகள் பலவற்றில் இவ்விரண்டு அறைகளுக்கும் விளக்குகள் இரண்டு. ஆனால் சுவிட்சு ஒன்றுதான். கழிப்பறையிலிருந்து வெளிவரும் தந்தை பழக்கத்தினால் சுவிட்சை அணைக்கிறார். குளியலறையில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும் மகள் இருளில் கூச்சலிடுகிறாள். மகளாயிற்றே, கூச்சலோடு போயிற்று. வழுக்கும் சிமெண்டுத் தரையில் நிற்பவர் வயது முதிர்ந்த பாட்டியானால் என்ன ஆகும்?

ஆகவே, விளக்குகளைத் தனித்தனிச் சுவிட்சுகளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் எழுவது இயல்பே. நல்ல எண்ணமுங்கூட. ஆனால், அதை யார் செய்கிறார், எப்படிச் செய்கிறார் என்பதில்தான் ஆபத்து அடங்கியிருக்கிறது.

ஒரு தோட்டத்திற்கு நான் சென்றிருந்தபோது, தமக்கு நேர்ந்ததை ஓர் அம்மையார் கூறினார். பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர், மின்சார வேலை ஓரளவு அறிந்தவர், உதவும் மனத்தோடு வந்து ஒரு மாலைப்பொழுதிலேயே விளக்குகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். இரண்டு சுவிட்சுகளும் ஒழுங்காகவே வேலை செய்தன. சில வாரங்கள் கழித்துக் குளியலறை பல்பு எரிந்துபோயிற்று. அம்மையார் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பல்பைக் கழற்ற முற்பட்டார். அவர் விரல் பல்பு மாட்டும் கிண்ணத்தின் உட்புறத்தில் பட்டது. மின்சாரம் அவரைத் தூக்கி எறிந்தது. கையை உதறிக்கொண்டு கீழே விழுந்ததனால் உயிர் பிழைத்தார்.

சுவிட்சு அணைந்திருந்ததே, பிறகு எப்படி மின்சாரம் வந்தது?

வீட்டு விளக்கு ஒன்றுக்கு இரண்டு கம்பிகள் செல்கின்றன. மின்சாரத்தைக் கொண்டுவருவது உயிர்க்கம்பி. அதைத் திரும்ப எடுத்துச் செல்வது நடுநிலைக் கம்பி. இரண்டில் எதைத் துண்டித்தாலும் விளக்கு அணைந்துவிடும். இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றனர். நான் ஆசிரியராக இருந்த காலத்தில் மாணவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டியை உதாரணமாகக் கூறுவேன். தொட்டியின் அடியிலுள்ள வால்வை மூடினால் குழாய் முழுவதும் காலியாகிவிடும். அதை விடுத்துக் குழாயின் கடைசி முனையை மட்டும் அடைத்தால் தண்ணீர் ஓடாது. ஆனால் குழாய் நிறையத் தண்ணீர் நிற்கும். அந்த இளைஞர் சுவிட்சை நடுநிலைக் கம்பியில் பொருத்தியிருந்தார். விளக்கு அணைந்தது, மின்சாரமோ பல்பின் கிண்ணம்வரை வந்து காத்திருந்தது. சுவிட்சு என்பது எப்பொழுதும் உயிர்க்கம்பியிலேயே இருத்தல் வேண்டும்.

கம்பியின் நிறத்தைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். பழைய வீடுகளில் பெரும்பாலும் சிவப்பு உயிர்க்கம்பி, கருப்பு நடுநிலைக் கம்பி. புதிய முறையில் உயிர்க்கம்பி பழுப்பு, நடுநிலைக் கம்பி நீலம். ஆனால், பல கைகள் பட்ட பழைய வீட்டில் கையில் கிடைத்த ஒயரை இழுத்து மாட்டியிருப்பார்கள். சோதித்துப் பாராமல் நிறத்தை மட்டும் நம்புவது தகாது. நடுநிலைக் கம்பியில் சுவிட்சு இருப்பதற்கு வேறோர் அறிகுறியும் உண்டு. அணைத்த பின்னரும் எல்.இ.டி. விளக்கு மங்கலாக மினுங்குமானால் இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஒயர்மேனிடம் காட்டிவிடுவது நல்லது.

மின்சாரம் அடித்தால் மெயின் சுவிட்சுப் பெட்டியிலுள்ள எம்.சி.பி. விழுந்து காப்பாற்றிவிடும் என்று சிலர் துணிந்திருக்கின்றனர். கணக்கைப் பாருங்கள். நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தில் ஒரு 40 வாட் பல்பு எடுப்பது ஏறத்தாழ 170 மில்லியாம்பியர். மனித உடலில் 30 மில்லியாம்பியர் சற்று நேரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து உண்டாகலாம். விளக்குகளுக்குரிய எம்.சி.பி.யோ 6 ஆம்பியர், அதாவது 6,000 மில்லியாம்பியர் வரை தாங்கி நிற்கும். அது கம்பி தீப்பற்றாமல் காப்பதற்கு அமைந்தது. மனிதரைக் காப்பதற்கு அமைந்ததன்று. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். அதில் ‘டி’ என்று குறித்த சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் அக்கருவி பெட்டியில் வெறுமனே தொங்குகிறது என்று பொருள்.

இனி, வேலையைப் பற்றி. விளக்குகளைப் பிரிப்பதற்குப் பெரிய செலவில்லை. ஒற்றைச் சுவிட்சு இருந்த இடத்தில் இரட்டைச் சுவிட்சைப் பொருத்தி, அங்கு வரும் உயிர்க்கம்பியிலிருந்து இரண்டு சுவிட்சுகளுக்கும் இணைப்புக் கொடுத்து, இரண்டாவது சுவிட்சிலிருந்து இரண்டாவது விளக்குக்குத் தனியாக ஒரு கம்பியை இழுக்க வேண்டும். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போதும். சுவிட்சு குளியலறைக்குள் இருந்தால், இதுவே அதை வெளிச்சுவருக்கு மாற்றுவதற்கும் ஏற்ற தருணம். நனைந்த கை சுவிட்சைத் தேடும்படி வைத்திருப்பது எக்காலத்திலும் நன்றன்று. வாங்கும் சுவிட்சிலும் கம்பியிலும் சிரிம் முத்திரை உண்டா என்று கவனியுங்கள்.

இவ்வளவையும் கூறியது நீங்களே திருப்புளியை எடுத்துக்கொள்வதற்காக அன்று. நம் நாட்டில் வீட்டு மின்கம்பி வேலையைத் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒயர்மேன்தான் செய்யலாம். அச்சான்றிதழை வழங்குவது எரிசக்தி ஆணையம். சான்றிதழைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவாகாது. வேலை முடிந்ததும், சுவிட்சை அணைத்த நிலையில் பல்பின் கிண்ணத்தில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்துக் காட்டும்படி அவரிடமே கேளுங்கள்.

நிர்வாகத்திற்குச் சொந்தமான வீடாக இருந்தால் முதலில் கிராணியிடமோ மானேஜரிடமோ தெரிவிக்க வேண்டும். அனுமதியின்றிக் கம்பியை மாற்றினால் பின்னர் விபத்து நேரும்போது பழி உங்கள் தலையில் விழும். அன்றியும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மின்சார வசதி செய்து தருவதும் வீடுகளைப் பழுதின்றி வைத்திருப்பதும் நிர்வாகத்தின் கடமைகள். உடைந்த சுவிட்சு, உரிந்த கம்பி, கசியும் சுவர் ஆகியவற்றை வாயால் மட்டும் சொல்லாமல் தேதியிட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் இதே குறை இருக்குமானால், லயத்துக்கு ஒரே மனுவாகக் கொடுப்பது மேல். ஒயர்மேன் ஒரே நாளில் வந்து அனைத்தையும் முடித்துவிடலாம். பயன் இல்லையெனில் தொழிலாளர் இலாகாவை அணுகலாம்.

அதுவரையில், பின்கட்டு விளக்கை மகள் குளித்து முடிக்கும்வரை எரியவிடுங்கள். பல்பு எரிந்துபோனால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கையைத் துடைத்து, ரப்பர் செருப்பு அணிந்து, உலர்ந்த மரப்பலகையின்மேல் நின்று மாற்றுங்கள். இருட்டில் செய்ய வேண்டாம், பகலில் செய்யுங்கள்.