எம்டன் புறப்பட்ட இடம்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ரயிலேறிப் பட்டணம் சென்று, உயர்நீதிமன்ற மதிற்சுவரில் பதித்திருக்கும் கல்வெட்டைப் படிப்போர், 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானிய யுத்தக் கப்பல் பொழிந்த குண்டுகளில் ஒன்று அவ்விடத்தில் வீழ்ந்ததென அறிவர். பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்ததையும், ஆயிரக்கணக்கான ஜனங்கள் நகரைத் துறந்து உள்நாட்டுக்கு ஓடியதையும், கப்பல் தலைவன் முல்லர் சிறைப்பட்டோரைக் கண்ணியமாக நடத்தியதையும் நம் முன்னோர் கதைகதையாகச் சொல்லிச் சென்றனர். துரைமார்களை ஓரிரவு அலறவைத்தவன்மீது அடிமைப்பட்ட ஜனங்களுக்கு இரகசியமான ஓர் அபிமானம் பிறந்தது இயல்பே. ஆயினும் அக்கப்பல் எத்தகைய சாம்ராஜ்யத்தின் கடைக்கோடியிலிருந்து புறப்பட்டதென்று விசாரித்தவர் சொற்பம்.

அதன் இருப்பிடம் சீனத்துச் சிங்டாவ் துறைமுகம். 1897-இல் இரு பாதிரிமார் கொலையுண்டதைச் சாக்காகக் கொண்டு கைப்பற்றி, மறு வருஷம் 99 ஆண்டுக் குத்தகையென்று எழுதி வாங்கிக்கொண்ட இடம். (அபகரித்தபின் பத்திரம் எழுதிக்கொள்ளும் நாகரிகம் ஜெர்மானியருக்கு மட்டும் உரியதன்று.) அதே சாம்ராஜ்யத்தின் வசமிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவில் 1904-இல் ஹெரேரோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஃபான் டிரோத்தா என்னும் சேனாதிபதி அவர்களை நீரற்ற பாலைவனத்துக்குள் விரட்டியதோடு நில்லாது, எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ ஆண்மகன் எவனும் சுடப்படுவான் என்று ஆக்ஞையும் பிறப்பித்தான். அதன் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில் 1905-இல் மூண்ட மாஜி மாஜி கிளர்ச்சியை அடக்க விளைநிலங்களைத் தீக்கிரையாக்கியதில் பஞ்சம் பரவிப் பல்லாயிரவர் மாண்டனர்.

அந்தக் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில்தான், எம்டன் சென்னைக்கு வந்துபோன ஆறே வாரங்களில், 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை உள்ளிட்ட இந்தியப் பட்டாளங்கள் பிரிட்டனுக்காகப் போரிட இறங்கின. அவர்கள் சுமார் 8,000 பேர். எதிரே ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் கீழ் ஏறக்குறைய 1,000 பேர், அவர்களிலும் பெரும்பாலோர் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு வாடிய அச்சேனை நவம்பர் 4-ஆம் தேதி சிதறிற்று; துப்பாக்கிச் சூட்டில் கலைந்த தேனீக்களும் கொட்டித் தீர்த்தன. சிப்பாய் பயந்து ஓடினான் என்று எழுதிவைத்தவர்கள், செவ்வையாக வேவு பாராமலே அவனை அங்கே ஏவிய ஜெனரல் எய்ட்கனின் அலட்சியத்தையல்லவா முதலில் எழுதியிருக்கவேண்டும்! எம்டனை அறியாத தமிழர் அரிது. டாங்காவை அறிந்தவர் அதனினும் அரிது.

யுத்தம் முடிந்து 1919-இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கையால் ஜெர்மனி தன் காலனிகள் அனைத்தையும் இழக்க, கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியான தங்கனீகா பிரிட்டனிடமும், சிங்டாவ் ஜப்பானிடமும், ஹெரேரோக்களின் நாடு தென்னாப்பிரிக்காவிடமும் சென்றன. அவ்வுடன்படிக்கையில் இந்தியாவின் பெயரால் கையொப்பமிட்டவர் இருவர்: ஒருவர் லண்டனிலிருந்த இந்தியா மந்திரி மாண்டேகு, மற்றவர் பிகானேர் மகாராஜா கங்கா சிங்.