காணொலிக் கூட்டத்துக்கு எந்த மென்பொருள்? காஞ்சிபுரம் ஆர்வலர்களிடம் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது

வணிகர்கள் கூடிப் பேச மண்டபம் பிடிப்பது ஒரு காலத்தில் சங்கச் செயலாளரின் தலைவலியாக இருந்தது. இப்போது மண்டபத்துக்குப் பதிலாகக் கைப்பேசிக்கு ஒரு லிங்க் வருகிறது. தலைவலி மட்டும் போன பாடில்லை.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று தாமிரபரணிக் கரை நெடுகிலும் கடை வைத்திருப்பவர்கள் ஒரு கூட்டத்துக்காக நெல்லை டவுனுக்கு வந்து திரும்பினால் அரை நாள் வியாபாரம் போய்விடும். கல்லாவில் இருந்தபடியே கலந்துகொள்ள முடிந்தால் நல்லதுதான். ஆனால் எங்கள் பகுதியில் நடந்த காணொலிக் கூட்டம் ஒன்றில், வராக்கடன் பற்றி ஏரல் அண்ணாச்சி ஒருவர் பேசத் தொடங்கிய நேரத்தில் கூட்டமே அணைந்துவிட்டது. இலவச நேரம் முடிந்துவிட்டதாம். மறுபடி லிங்க் அனுப்பி உள்ளே வருவதற்குள் பாதிப் பேர் எடை போடப் போய்விட்டார்கள். யாரிடம் எவ்வளவு நிற்கிறது, யாருக்கு இனிக் கடன் கொடுக்கக்கூடாது என்று அவர் சொல்ல வந்தது அன்றோடு நின்றது.

இதை நமக்கு முன்பே யோசித்தவர்கள் கணினி ஆர்வலர்கள். காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று உண்டு. கட்டற்ற மென்பொருளில் உள்ள ஈடுபாட்டால் கூடுகிறவர்கள். ஞாயிறு மாலை 5 மணிக்கு இணையவழியில் கூடி, ஒரு மணி நேரம் முழுக்கத் தமிழிலேயே பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ஜிட்சி மீட்.

காரணம் எளிது. ஜூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடம்தான். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். நம் கடையில் கொடுக்கும் சாம்பிள் பொட்டலம் போலத்தான், ருசி பார்க்கலாம், சமைக்கக் காணாது. ஜிட்சியில் அப்படி நாற்பது நிமிடத்தில் கதவு சாத்துவதில்லை. பங்கேற்பவர் கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம், கணினியில் பிரவுசரில் லிங்கைத் திறந்தால் போதும். 2003ஆம் ஆண்டு பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற மாணவர் தொடங்கிய வேலை அது. 2018 முதல் எய்ட் பை எய்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வசம் இருக்கிறது. என்றாலும் மூல நிரல் திறந்தே கிடப்பதால், விவரம் தெரிந்தவர்கள் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். வாடகைக் கடைக்கும் சொந்தக் கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசம் வணிகருக்கு விளக்க வேண்டியதில்லை. 2025 மே மாதம் ஸ்கைப் மூடப்பட்டபோது அதையே நம்பியிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

குறை இல்லாமலும் இல்லை. தவறான பயன்பாடு பெருகியதால் 2023 ஆகஸ்ட் முதல் ஜிட்சியின் பொதுத் தளத்தில் கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் கூகுள், கிட்ஹப், ஃபேஸ்புக் கணக்குகளில் ஒன்றைக் காட்ட வேண்டும். அறையின் பெயரை நாமே தட்டச்சு செய்கிறோம். ஆகவே ‘சங்கம்’ என்று சுருக்கமாகப் பெயர் வைத்தால், அதே பெயரைத் தட்டியவர் யாராக இருந்தாலும் நம் அறைக்கே வந்து சேர்வார். கொள்முதல் விலை பேசும் இடத்தில் இது விபரீதம். நீண்ட பெயரும் கடவுச்சொல்லும் கட்டாயம். ஒவ்வொருவர் படமும் மற்ற கைப்பேசிகளுக்குத் தனித்தனியாக அனுப்பப்படுவதால், பலர் கேமராவைத் திறந்தால் விலை குறைந்த போன் திணறும். பேசுகிறவரைத் தவிர மற்றவர்கள் படத்தை அணைத்துவைத்தால் டேட்டாவும் மிச்சம்.

ஜூம் பற்றி 2020 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு மத்திய அரசு நடத்திய போட்டியில் ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்சியா நிறுவனத்தின் வீகன்சோல் வென்று ஒரு கோடி ரூபாய் பரிசு பெற்றது. நம் பக்கத்திலேயே, தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவும் இதற்கென மென்பொருள் விற்கிறது. அடுத்த ஊர்க்காரர் என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம். மற்ற சரக்கைப் போல விலை கேட்டு, பார்த்து எடுக்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், இருபது முப்பது பேர் கூடும் மாதாந்திரக் கூட்டத்துக்கு ஜிட்சி போதும். பொதுக்குழுவுக்குப் பணம் கட்டி உரிமம் வாங்குவதே முறை. ஆர்வலர் குழுவைப் போல நாமும் எல்லாம் இலவசமாகவே வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டியதில்லை. எதுவானாலும் மலையடிவாரத்தில் சிக்னல் குறைந்த கடைக்காரரையும், இருப்பதிலேயே பழைய போன் வைத்திருப்பவரையும் வைத்து முதலில் ஒத்திகை பாருங்கள். டவுனில் வைஃபை உள்ளவர் சொல்லும் ‘நல்லாத்தான் இருக்கு’ கணக்கில் சேராது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஏரல் கடைவீதி மூழ்கியபோது மண்டபமும் இல்லை, மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. அந்த மாதிரி நாளுக்கு எந்த மென்பொருளும் உதவாது. உறுப்பினர் முகவரிப் பட்டியலைத் தாளில் எழுதி வைத்திருப்பது நல்லது.

இன்னொன்று. பல சங்கங்களில் கூட்டம் தொடங்கும் கணக்கு செயலாளர் மகனின் பெயரில் இருக்கிறது. பையன் வேலைக்குச் சென்னை போனால் மண்டபச் சாவியும் கூடப் போய்விடும். சங்கத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் தொடங்கி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும் கடவுச்சொல் இருக்கட்டும். ஓடிபி வரும் எண்ணும் சங்க அலுவலக எண்ணாகவே இருக்கட்டும்.

எங்கள் அடுத்த கூட்டத்தில் ஏரல் அண்ணாச்சியை முதலில் பேசச் சொல்லியிருக்கிறோம்.