சிறிய மென்பொருளுக்கு எவ்வளவு பூட்டு?

கடைக் கணக்கைப் பதிவதற்கான மென்பொருளொன்றைத் தனியொருவர் உருவாக்கி விற்கிறார் எனக் கொள்வோம். பிரதி செய்யப்படுவதைத் தடுக்க அவருக்கு எந்தளவு பாதுகாப்புத் தேவை என்பதே கேள்வி.

பூட்டு முற்றாக இல்லாவிடின், ஒருவர் வாங்கியதைப் பத்துப்பேர் இலவசமாகப் பயன்படுத்துவர், உழைப்பு வீணாகும். ஆயினும் மென்பொருள் பயனாளரின் கணினியிலேயே இயங்குவதால், விடயமறிந்தவர்கள் எத்தகைய பூட்டையும் காலப்போக்கில் அகற்றிவிடுவர். அதன்பின் திருட்டுப் பிரதி தடையின்றி இயங்கும். பணம் கொடுத்தவரே பூட்டின் தொல்லையை அனுபவிக்க நேரிடும்.

அமெரிக்காவின் இன்டுயிட் நிறுவனம், 2002ஆம் வரியாண்டுக்கான டேர்போடெக்ஸ் என்னும் வருமானவரி மென்பொருளின் முழுமையான பயன்பாட்டை ஒரே கணினியுடன் பிணைத்தது. வாடிக்கையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2003இல் அம்முறை கைவிடப்பட்டது.

சிறு தயாரிப்பாளருக்கு, வாங்குபவரின் பெயரை உள்ளடக்கிய, இலத்திரனியல் கையொப்பமிட்ட அனுமதிக் குறியீடே பெரும்பாலும் போதுமானது. இணையத் தொடர்பின்றியே அதனைச் சரிபார்க்கலாம். கணினி பழுதடைந்தால் புதியதில் மீண்டும் உள்ளிடலாம். தமது பெயர் பதிந்த குறியீட்டைப் பிறருக்கு வழங்கப் பலரும் தயங்குவர்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினிச் செய்நிரல்களுக்கும் பாதுகாப்பளிக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. எனவே, எஞ்சிய உழைப்பை மேலும் பூட்டுகளுக்கன்றி, மென்பொருளின் தரத்துக்கும் வாடிக்கையாளருக்கான உதவிக்கும் செலவிடுவதே விவேகமாகும். நேர்மையாக வாங்கியவரைச் சந்தேகிக்கும் வணிகம் நீண்டகாலம் நிலைப்பதில்லை.