கைக்கணினியும் மெய்யெழுத்தின் புள்ளியும்

"டேப்லெட் ஒன்று வாங்க வேண்டும், எது நல்லது?" என்று தமிழாசிரிய நண்பர்கள் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் அனைவருக்கும் 2021ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஆளுக்கொரு கற்றல் கருவி கிடைத்துவிட்டது. அவர்களுக்குரிய கருவியைப் பள்ளியே தேர்ந்து கொடுக்கிறது. ஆசிரியரோ தம் சொந்தப் படிப்பிற்கென ஒரு கைக்கணினி வாங்கப் புகுந்தால், கடையில் அடுக்கியிருக்கும் பத்துப் பன்னிரண்டு கருவிகளின் முன்னே தனியே நிற்க வேண்டியவராகிறார். விற்போர் எடுத்துரைப்பன மையச் செயலகத்தின் வேகமும் படமெடுக்கும் திறனும் விளையாட்டின் விரைவுமே. தொல்காப்பியத்தை உரையோடு படிக்க எது ஏற்றது என்று அவர்கள் கூறார்; அஃது அவர்கள் குற்றமுமன்று.

யானும் ஒருமுறை ஏமாந்தவனே. விலை மலிவு, கைக்கடக்கம் என்னும் இரண்டையும் கருதி 8 அங்குலக் கருவியொன்றை வாங்கினேன். படமாக எடுத்து வைக்கப்பட்ட பழைய உரைநூலொன்றை அதில் திறந்து, இரவெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குறிப்பெழுதினேன். மறுநாள் வகுப்பில் மாணவியொருத்தி எழுந்து, "ஐயா, என் புத்தகத்தில் 'மண்மகள்' என்றல்லவா இருக்கிறது?" என்றாள். என் குறிப்பில் 'மணமகள்' என்றிருந்தது! நிலமகளை மணப்பெண்ணாக்கி, அதற்கொரு விளக்கமும் எழுதியிருந்தேன். அச்சில் பிழையில்லை, நூலைப் படமெடுத்தவரிடமும் பிழையில்லை. ணகரத்தின் தலைமேலிருந்த புள்ளியை என் திரை விழுங்கிவிட்டது.

இஃது ஏன் நேர்ந்தது என்பதை அறிந்தால் கருவியைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்தாற் போலாகும்.

மின்வடிவில் நமக்குக் கிடைக்கும் தமிழ் நூல்கள் இருவகைப்படும். ஒருவகை, எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்டவை. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் நூல்கள் இவ்வகையின. இவற்றில் எழுத்தை வேண்டிய அளவு பெருக்கிக்கொள்ளலாம். வரிகள் திரைக்கேற்ப மடங்கி அமையும். ஆதலின் எந்தக் கருவியும் இவற்றிற்குப் போதும். மற்றொரு வகை, அச்சுப் பக்கத்தை அப்படியே படமாக எடுத்தவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்திலும், ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் திட்டத்திலும் காணப்படும் பழம்பதிப்புகளிற் பெரும்பாலானவை இத்தகையனவே. சிங்கப்பூரின் பழைய தமிழ் நாளிதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் தொகுப்பிற் காண்பதும் பட வடிவிலேயே. படத்தில் வரி மடங்காது. பெருக்கினால் வரியின் ஒரு பாதி திரைக்கு வெளியே போய்விடும். விரலால் இழுத்திழுத்துப் பத்துப் பக்கம் படித்தவர் பதினோராம் பக்கத்தில் கருவியை மூடிவிடுவார். ஆராய்ச்சிக்கு வேண்டும் நூல்களோ பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையிலேயே இருக்கின்றன.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: அச்சுப் பக்கம் முழுவதும் திரையிற் தெரியும்போது எழுத்து எந்த அளவிற்குச் சுருங்குகிறது?

நம் நூல்களில் மிகுதியாக வழங்கும் டெம்மி எட்டிலொன்று அளவு ஏறத்தாழ 8.5 அங்குல உயரமும் 5.5 அங்குல அகலமும் உடையது. என் பழைய 8 அங்குலக் கருவியின் திரை அகலம் 4.24 அங்குலமே. (8 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்த அளவு என்பதை வாங்குவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.) அதில் டெம்மிப் பக்கம் 77 விழுக்காடாகச் சுருங்கும். 2022இல் வெளிவந்த 10.9 அங்குல ஐபேட் திரை 8.94 அங்குல உயரமும் 6.21 அங்குல அகலமும் கொண்டது. பக்கம் முழு அளவிலே, சற்றுப் பெரிதாகவே தெரியும். 2023இல் வந்த சாம்சங் கேலக்சி டேப் ஏ9 பிளஸ் 11 அங்குலம். அதிலும் டெம்மிப் பக்கம் சுருங்குவதில்லை. அளவை மட்டும் நோக்கின் இவ்விரண்டிற்கும் பெரிய வேறுபாடில்லை.

இனித் திரையின் நுண்மை. திரை மிகச் சிறிய ஒளிக்கட்டங்களால் ஆனது. இவற்றைப் பிக்சல் என்பர். புள்ளி என்றே மொழிபெயர்ப்போரும் உண்டு. நம் மெய்யெழுத்தின் புள்ளியோடு மயங்குமாதலின் இங்குப் பிக்சல் என்றே கொள்வோம். உரைப்பகுதியின் சிற்றெழுத்தில் மெய்ப்புள்ளி 0.4 மில்லிமீட்டர் குறுக்களவு உடையதென்று வைத்துக்கொள்வோம். அங்குலத்திற்கு 189 பிக்சல் கொண்ட என் பழைய திரையில், பக்கம் சுருங்கியது போக, அப்புள்ளிக்குக் கிடைத்த இடம் குறுக்கே இரண்டே பிக்சல்! தாளின் கறையும் இரண்டு பிக்சல். புள்ளியும் இரண்டு பிக்சல். எது எது என்று யார் சொல்வது? ஏ9 பிளஸ் திரையில் (அங்குலத்திற்கு 206) அது மூன்றரை பிக்சலாகும், 10.9 அங்குல ஐபேடில் (264) நான்கிற்கு மேல். மூன்று பிக்சல் இருந்தாற் புள்ளி புள்ளியாகத் தெரியத் தொடங்குகிறது என்பது என் பட்டறிவு.

ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரக் குறிகளுக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை; காலும் ரகரமும் ஒன்றாகவே இருந்தன. உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் சொல்லுக்குச் சொல் உய்த்துணர்ந்தே புள்ளியிட்டு நமக்கு நூல்களைத் தந்தனர். அவர்கள் இட்ட புள்ளியை நாம் விலைகொடுத்து வாங்கிய கருவி அழித்துவிடுமாயின், நாம் மீண்டும் ஏட்டைத்தானே படித்துக்கொண்டிருக்கிறோம்? அதுவும் ஐயருடைய புலமை இல்லாமல்!

திரையின் வடிவத்தையும் நோக்க வேண்டும். சில பழைய நூல்களில் விரித்த இரு பக்கங்களையும் ஒரே படமாக எடுத்திருப்பர். அப்படம் ஏறத்தாழச் சதுரத்தை ஒட்டியது. ஐபேட் திரை நான்கிற்கு மூன்று என்ற விகிதத்தை அடுத்து நிற்பதால், கிடத்திவைத்துப் பார்க்கையில் அது 73 விழுக்காடு அளவிலே தெரியும். நீண்டொடுங்கிய ஏ9 பிளஸ் திரையில் 69 விழுக்காடு. A4 தாளில் அமைந்த தேர்வுத் தாளும் கருத்தரங்கக் கட்டுரையும் அவ்வாறே: ஐபேடில் 75, மற்றதில் 70. நீண்ட திரை திரைப்படம் பார்ப்பதற்கென ஆக்கப்பட்டது. நூலுக்கு அகன்ற திரையே நன்று.

மின்மைத் திரையுடைய கிண்டில் முதலிய கருவிகளைப் பற்றி நண்பர்களிடையே இருவேறு கருத்து உண்டு. அத்திரை பின்னிருந்து ஒளிவீசுவதன்று. கருந்துகளும் வெண்துகளும் மேலெழுந்து தாளைப் போலவே தோன்றும். வெயிலிலும் படிக்கலாம், மின்கலம் வாரக்கணக்கில் நிற்கும். 2016ஆம் ஆண்டின் இறுதியில் அமேசான் தமிழ் நூல்களையும் கிண்டிலில் விற்கத் தொடங்கியது. கதைகளையும் கட்டுரைகளையும் மணிக்கணக்கில் படிப்பவர்க்கு இதனினும் இனியது வேறில்லை. ஆனால் 2024இல் வந்த 7 அங்குலப் பேப்பர்வைட்டில் டெம்மிப் பக்கம் 66 விழுக்காடாகிவிடும். பிக்சல் செறிவு அங்குலத்திற்கு 300 ஆதலின் புள்ளி இருக்கத்தான் இருக்கும். ஐம்பதைக் கடந்த கண்ணுக்குத்தான் தெரியாது. 2022இல் வந்த 10.2 அங்குலக் கிண்டில் ஸ்கிரைப் இக்குறையை நீக்கிவிட்டது. எனினும் மின்மைத் திரையிற் பக்கம் புரள்வது மெல்ல நிகழும். பொருட்குறிப்பிற்கும் மூலத்திற்கும் மாறிமாறித் தாவிப் படிப்பவர்க்குப் பொறுமை வேண்டும்.

கட்டுரை திருத்துவோர் எழுதுகோலையும் விசாரித்தே வாங்க வேண்டும். எல்லாத் திரையிலும் எல்லாக் கோலும் எழுதா. ஏ9 பிளஸ் கருவிக்குச் சாம்சங்கின் எஸ் பென் பொருந்தாது; தடித்த ரப்பர் முனைக் கோலால் அதில் ஒற்றெழுத்திற்குப் புள்ளி வைக்கப் போனால் எழுத்தையே மறைத்துவிடும். அந்நிறுவனத்தின் டேப் எஸ்6 லைட், எஸ்9 எஃப்இ ஆகியவற்றிற்குக் கோல் உடனேயே வருகிறது. ஐபேடிற்குக் கோலைத் தனியே வாங்க வேண்டும். அந்த விலையையும் கூட்டிப் பார்த்தே ஒப்பிடுதல் முறை. ஆப்பிளின் யுஎஸ்பி-சி கோல் மலிவானது. ஆயின் அழுத்தத்திற்கேற்பக் கோடு தடிப்பதில்லை. திருத்துவதற்கு அது தடையன்று.

தமிழில் தட்டச்சு செய்வதைப் பற்றி இன்று கவலை வேண்டா. நம் மலேசியராகிய முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் கணினித் தமிழுக்கு வழி திறந்தது. அஞ்சல், தமிழ்99 ஆகிய விசைமுகங்கள் ஐபேடில் 2013 முதல் உள்ளமைந்தே வருகின்றன. ஆண்ட்ராய்டு கருவிகளில் செல்லினத்தை நிறுவிக்கொள்ளலாம்.

பழைய கருவியை மலிவாக வாங்க நினைப்போர்க்கு ஒரு சொல். 2010இல் வந்த முதல் ஐபேடிற்கு 2012க்குப் பின் புதிய இயங்குதளம் வரவில்லை. திரை பழுதில்லாமல் இருந்தாலும், செயலிகள் ஒவ்வொன்றாக அதில் ஏற மறுத்துவிட்டன. வாங்கும் கருவிக்கு இன்னும் எத்தனை ஆண்டு புதுப்பிப்பு உண்டு என்று கேட்டறிக.

என் முடிவு இது. பட வடிவ நூல்களைப் படித்துத் தாள்களும் திருத்துவோர் 10.9 அங்குல ஐபேடையோ கோலுடன் வரும் சாம்சங் கருவியையோ வாங்குக. படிப்பதற்கு மட்டும் வேண்டுவோர்க்கு ஏ9 பிளஸ் போதும். அதில் நினைவட்டை செருகிப் பல நூறு நூல்களைச் சேர்த்து வைக்கலாம். கதைநூல் மட்டும் படிப்போர் சிறிய கிண்டிலோடு நிற்கலாம். 8 அங்குலக் கருவியை உரைநூலுக்கென எவரும் வாங்கற்க.

கடைக்குப் போகுமுன் தாம் அடிக்கடி படிக்கும் பழைய உரைநூலொன்றின் பட வடிவத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் சொல்லி, காட்சிக்கு வைத்த கருவியில் அதைத் திறக்கச் செய்யுங்கள். அடிக்குறிப்பு மிகுந்த பக்கமொன்றை எடுத்துப் பெருக்காமல், வழக்கமான தொலைவில் பிடித்து, ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு அதே பத்தியைப் பெருக்கிப் பார்த்து, எத்தனை இடத்தில் ஒற்றைத் தவறவிட்டீர்கள் என்று எண்ணுங்கள். அருகில் நிற்போர் திரும்பிப் பார்த்தாற் பார்க்கட்டும்.